எம்.டி.எம். கன்சோலைக் கவனிப்பதே தனி வேலையாகிவிட்டது: எங்கிருந்து எளிதாக்குவது?

ஓசூர்க்காரன்

வணக்கம். ஓசூர் சிப்காட்டில் வாகன உதிரிபாகம் செய்யும் நிறுவனம் ஒன்றின் ஐ.டி. குழுவில் இருக்கிறேன். இரண்டு ஆலைகள், சூளகிரி அருகே ஒரு கிடங்கு. அலுவலகத்தில் விண்டோஸ் லேப்டாப், ஆலைக்குள் பார்கோடு படிக்க ஆண்ட்ராய்டு டேப்லெட், மேலாளர்கள் கையில் ஐபோன். எல்லாம் சேர்த்து ஆயிரத்தைத் தாண்டும். இவ்வளவுக்கும் நாங்கள் மூன்று பேர்.

சாதன மேலாண்மை மென்பொருள் (எம்.டி.எம்.) வந்தால் அலைச்சல் குறையும் என்றுதான் வாங்கினோம். ஒரு விதத்தில் குறைந்தது. பாஸ்வேர்டு மறந்த டேப்லெட்டுக்காக இப்போது யாரும் கிடங்கு வரை பைக்கில் போவதில்லை. ஆனால் அந்த மென்பொருளைப் பராமரிப்பது தனி வேலையாக வளர்ந்துவிட்டது. காலையில் கன்சோலை, அதாவது அதன் நிர்வாகத் திரையைத் திறந்தால் பட்டியலில் பாதி சிவப்பு. எது உண்மையான ஆபத்து, எது விடுப்பில் போனவரின் அணைந்து கிடக்கும் லேப்டாப் என்று பிரிப்பதற்குள் பதினொரு மணி ஆகிவிடுகிறது. முன்பு இருந்தவர்கள் உருவாக்கிய பாலிசிகள் (சாதனங்களுக்கு அனுப்பும் அமைப்பு விதிகள்) 'டெஸ்ட்', 'புதிய டெஸ்ட்', 'கடைசி' என்ற பெயர்களில் கிடக்கின்றன. எதை நீக்கினால் எந்த உற்பத்தி லைன் நிற்கும் என்று தெரியாததால் யாரும் கை வைப்பதில்லை.

நிர்வாகம் மென்பொருளையே மாற்றச் சொல்கிறது. மூன்று விற்பனையாளர்கள் வந்து செய்து காட்டிவிட்டுப் போனார்கள். மூன்றுமே எளிதாகத்தான் தெரிந்தன. மாற்றியவர்களும் மாற்றாமல் சமாளித்தவர்களும் சொல்லுங்கள்: உங்களுக்கு எந்த இடத்தில் பாரம் இறங்கியது?

பாகலூர்_ரோடு

விற்பனையாளர் செய்து காட்டும் கன்சோலில் புத்தம்புதுச் சாதனங்கள் நாலைந்து இருக்கும்; பழைய பாலிசி ஒன்றுகூட இருக்காது. அதை உங்களுடையதோடு ஒப்பிட்டு முடிவெடுக்காதீர்கள். மென்பொருளை மாற்றினாலும் 'புதிய டெஸ்ட்' பாலிசியையும் சேர்த்துத்தான் அங்கே கொண்டுபோவீர்கள்.

நான் ஓசூரில் குடியிருந்து பெங்களூரு போய் வருகிறேன். வேலை, இதே வேலைதான். அளவு மட்டும் பெரியது. முதலில் ஒரு மாதத்து டிக்கெட்டுகளை (உதவிக் கோரிக்கைகளை) எடுத்துப் பிரித்துப் பாருங்கள். சாதனத்தைச் சேர்ப்பது, பாலிசி போய்ச் சேராதது, ஆப் மற்றும் அப்டேட், தொலைந்தது அல்லது பூட்டிக்கொண்டது. எந்தக் குவியல் பெரிது என்று தெரிந்த பிறகு பேசலாம். மென்பொருளை மாற்றுவதா என்ற கேள்வியை அதுவரை ஓரமாக வையுங்கள்.

சர்வர்_அறை

தருமபுரியில் ஒரு மருத்துவமனைக்குப் பார்க்கிறேன். என் கருத்து நேரடியானது. கிளவுடை விட்டு வெளியே வாருங்கள். சர்வர் நம் கட்டடத்தில் இருந்தால் என்ன நடக்கிறது என்று நமக்குத் தெரியும். சாலை விரிவாக்கத்துக்குத் தோண்டும்போது கேபிள் அறுந்தால் கிளவுடில் இருக்கும் கன்சோல் உங்களுக்கு உதவாது. மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவுப்படி பதிவுகளை 180 நாள் இந்தியாவுக்குள் வைத்திருக்க வேண்டும். பாதுகாப்புச் சம்பவத்தை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். வேறு நாட்டில் இருக்கும் சர்வரை நம்பி இதற்கு எப்படி உறுதி கொடுப்பீர்கள்?

பாகலூர்_ரோடு

சார், உத்தரவைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. பதிவுகள் எங்கே சேமிக்கப்படுகின்றன என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்காமல் எந்த கிளவுடுக்கும் போகக் கூடாது.

ஆனால் கேபிள் வாதத்தை ஏற்க மாட்டேன். கேபிள் அறுந்தாலும் சாதனத்தில் ஏற்கெனவே இறங்கிய பாலிசி அங்கேயே இருக்கும். புதிய கட்டளைகள் மட்டும் காத்திருக்கும். சர்வரை உங்கள் அறையில் வைத்தாலும் ஐபோனுக்குக் கட்டளை போக ஆப்பிளின் புஷ் சேவை வழியாகத்தான் போயாக வேண்டும். அதற்கு இணையம் வேண்டும். அந்த சர்வருக்கு பேட்ச் (பாதுகாப்புத் திருத்தம்) போடுவது, பேக்கப் எடுப்பது, டேட்டாபேஸ் நிரம்பினால் பார்ப்பது எல்லாம் அதே மூன்று பேரின் தலையில் விழும். மருத்துவமனை போன்ற இடத்தில் வேறு காரணங்கள் இருக்கலாம். மூன்று பேர் உள்ள குழு வேலையைக் குறைக்க விரும்பினால் சர்வர் வாங்குவது எதிர்த்திசை.

சர்வர்_அறை

பராமரிப்பு வேலை கூடும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். நாங்கள் அந்த வேலைக்கு ஆள் வைத்திருக்கிறோம். எல்லோரிடமும் இருக்காது.

ஓசூர்க்காரன்

டிக்கெட்டுகளைப் பிரித்துவிட்டோம். நான் நினைத்ததற்கு மாறாக இருக்கிறது. சிவப்புப் பட்டியல்தான் நேரத்தைத் தின்கிறது என்று நம்பியிருந்தேன். பெரிய குவியல், சாதனத்தைச் சேர்ப்பதும் மீண்டும் சேர்ப்பதும். டேப்லெட் கீழே விழுந்து மாற்று வந்தால் சேர்க்க வேண்டும். யாரோ பட்டனை அழுத்தி ரீசெட் செய்துவிட்டால் மறுபடி சேர்க்க வேண்டும். அடுத்த குவியல் 'பாலிசி வரவில்லை'. மற்ற இரண்டும் சிறியவை.

பாகலூர்_ரோடு

அப்படியென்றால் கன்சோலை மூடிவிட்டு உங்கள் கொள்முதல் ஆர்டரை எடுத்துப் படியுங்கள். சேர்க்கும் வேலை அங்கேதான் கூடுகிறது, அங்கேதான் குறையும்.

லேப்டாப்பிலிருந்து தொடங்குகிறேன். புதிய லேப்டாப்பைத் தானாக எம்.டி.எம்.மில் சேர்க்கும் விண்டோஸ் ஆட்டோபைலட்டுக்கு புரோ அல்லது அதற்கு மேலான பதிப்பு வேண்டும். ஹோம் பதிப்பில் நடக்காது. அவசரம் என்று உள்ளூர்க் கடையில் விலை குறைந்த லேப்டாப்பை வாங்கும்போது பெரும்பாலும் ஹோம்தான் கைக்கு வரும். அந்தச் சில ஆயிரம் ரூபாய் மிச்சத்தை உங்கள் குழு தன் நேரத்தால் அடைக்கிறது. 'புரோ பதிப்பு, ஹார்டுவேர் ஹாஷை (கணினியை அடையாளம் காட்டும் குறியீடு) விற்பவரே எங்கள் கணக்கில் பதிவேற்றித் தர வேண்டும்' என்று ஆர்டரிலேயே எழுதுங்கள். எழுதாவிட்டால் ஒவ்வொரு பெட்டியையும் பிரித்து, முதல் திரையில் ஷிஃப்ட், எஃப்10 அழுத்தி, ஸ்கிரிப்ட் ஓட்டி ஹாஷை எடுக்க வேண்டியிருக்கும். எழுதினால் பெட்டி நேராக ஊழியர் மேசைக்குப் போகும். அவர் அலுவலக மின்னஞ்சலைக் கொடுத்து உள்ளே நுழைந்தால் மற்றவை தாமாக இறங்கும்.

ஆண்ட்ராய்டில் ஜீரோ டச் என்ற வசதி இருக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட மறுவிற்பனையாளரிடம் வாங்கிய சாதனத்தின் எண்ணை அவரே உங்கள் கணக்கில் ஏற்றிவிடுவார். அதன் பெரிய பயன் உங்கள் ரீசெட் தொல்லையில் தெரியும்: யார் ரீசெட் செய்தாலும் அந்த டேப்லெட் இணையத்தில் சேர்ந்தவுடன் உங்கள் எம்.டி.எம்.மைத்தான் தேடி வரும். ஆலை ஊழியர் அதை வேறெப்படியும் பயன்படுத்த முடியாது. ஆப்பிளில் இதற்கு இணையானது ஆப்பிள் பிசினஸ் மேனேஜர். வெளியே வாங்கிய ஐபோனையும் ஆப்பிள் கான்ஃபிகரேட்டர் மூலம் அதில் சேர்க்கலாம். ஆனால் முதல் 30 நாள் வரை பயனர் அதிலிருந்து விலகிக்கொள்ள முடியும் என்பதை நினைவில் வையுங்கள்.

ஏற்கெனவே வாங்கிய டேப்லெட்களுக்கு க்யூஆர் முறை போதும். வரவேற்புத் திரையில் ஒரே இடத்தில் ஆறு முறை தட்டினால் ஸ்கேனர் திறக்கும். வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் க்யூஆருக்குள்ளேயே பொதிக்கலாம். அது படிக்கக்கூடிய எழுத்தாகவே உள்ளே இருக்கும் என்பதால் சேர்ப்பதற்கென்று தனி வைஃபை வைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து உற்பத்தி சர்வர்களுக்குப் போக வழி இருக்கக் கூடாது.

மாங்கூழ்_ஐடி

கிருஷ்ணகிரி பக்கம் மாங்கூழ் ஆலையில் வேலை. ஓசூர்க்காரன் அண்ணாவுக்கு இல்லாத ஒரு சிக்கல் எங்களுக்கு உண்டு; இங்கே படிப்பவர்களில் பலருக்கும் இருக்கும் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

எங்கள் சாதனங்களுக்குப் பருவம் உண்டு. மே மாதம் முதல் லாரிகள் வரத் தொடங்கும். பெங்களூரா மாங்காய் குவியும் ஜூன், ஜூலையில் எடைமேடை, தரம் பிரிக்கும் இடம், குளிர்கிடங்கு எங்கும் டேப்லெட் தேவை. பருவம் முடிந்ததும் எல்லாம் அலமாரிக்குள் போய்விடும். அடுத்த மே மாதம் வெளியே எடுத்தால் கன்சோலில் பெயரே இருக்காது. காரணம் என்ன தெரியுமா? தொடர்பில் இல்லாத சாதனங்களைத் தானாக அகற்றும் விதி. மைக்ரோசாஃப்டின் எம்.டி.எம். மென்பொருளான இன்டியூனில் அதை 30 முதல் 270 நாள் வரை எதுவாகவும் வைக்கலாம். ஆலை ஆண்டு முழுவதும் ஓடும் இடத்துக்கு அது நல்ல விதி. பட்டியல் சுத்தமாக இருக்கும். எங்களைப் போன்ற இடத்துக்கு அது பொருந்தாது. பருவ டேப்லெட்களுக்குத் தனிக் குழு அமைத்தோம். மாதத்துக்கு ஒருமுறை காவலர் அறையில் சார்ஜில் போட்டு வைஃபையில் ஒரு பகல் விட்டுவைக்கிறோம். பேட்டரியும் கெடுவதில்லை, பேட்சும் இறங்கிவிடுகிறது, சாதனமும் பட்டியலில் இருக்கிறது. பருவத்தின் முதல் நாள் வாசலில் லாரி நிற்கும்போது பல மாதத்து அப்டேட் ஒன்றாக இறங்குவதைப் பார்த்தவர்களுக்கு இந்த ஏற்பாட்டின் மதிப்பு புரியும்.

இன்னொன்று. கியோஸ்க் திரையை (தேவையான ஆப்கள் மட்டும் தெரியும் பூட்டிய திரை) நாங்களே வடிவமைத்தோம். எங்கள் ஆலைக்குத் தமிழ், தெலுங்கு, கன்னடம் பேசுபவர்களும் இந்தி, ஒடியா பேசுபவர்களும் வேலைக்கு வருகிறார்கள். எனவே பட்டனில் எழுத்தைக் குறைத்துப் படத்தை வைத்தோம். தராசுப் படம், லாரிப் படம், குளிர்கிடங்குக்குப் பனித்துளிப் படம். அமைப்புகள் பக்கமே திறக்காது. இதைச் செய்த பிறகு 'டேப்லெட் வேலை செய்யவில்லை' என்ற அழைப்புகள் வெகுவாகக் குறைந்தன. மென்பொருள் அதேதான்.

ரீசெட் பற்றி ஓர் எச்சரிக்கை. பட்டன் வழியாக ரீசெட் செய்த ஆண்ட்ராய்டு, முன்பு இருந்த கூகுள் கணக்கைக் கேட்டு நின்றுவிடும். எந்தக் கணக்கால் திறக்கலாம் என்பதை பாலிசியிலேயே முன்கூட்டி நிறுவனக் கணக்காகக் கொடுத்துவையுங்கள்.

தேன்கனி

நான் இந்த இழையில் சிறியவன். தேன்கனிக்கோட்டை பக்கத்து ஆலை ஒன்றில் தளத்து ஐ.டி. உதவியாளர். தலைமை அலுவலகத்தில் அட்மின்கள் இருக்கிறார்கள். சாதனத்தைக் கையில் பிடிப்பவன் நான்.

அட்மின்கள் எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள். எங்களைப் போன்றவர்களுக்குக் கன்சோலில் ஓர் இடம் கொடுங்கள். இரவுப் பணியில் ஒரு டேப்லெட் கியோஸ்க்கில் சிக்கிக்கொண்டால் நான் டிக்கெட் போட வேண்டும். அது மறுநாள் காலை திறக்கப்படும். அதுவரை அந்த லைனில் இருப்பவர் தாளில் எழுதிக்கொண்டிருப்பார். காலையில் அதை யாரோ மீண்டும் தட்டச்சு செய்வார்கள். நான் செய்ய வேண்டியது ஒரு ரீஸ்டார்ட் கட்டளை, சில நேரம் ஒரு சிங்க் (சாதனத்தை உடனே எம்.டி.எம்.மோடு தொடர்புகொள்ளச் செய்வது). இவ்வளவுதான்.

முழு அட்மின் உரிமையை நான் கேட்கவில்லை. கேட்டாலும் கொடுக்கக் கூடாது. என் ஆலையின் சாதனங்கள் மட்டும் எனக்குத் தெரியட்டும். பாஸ்கோடு மாற்ற, ரீஸ்டார்ட் செய்ய, சிங்க் கொடுக்க, சாதனம் கடைசியாக எப்போது தொடர்பில் இருந்தது என்று பார்க்க உரிமை போதும். தலைமை அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு இரவில் போன் வராது. எனக்கும் லைன் மேற்பார்வையாளர் முன்னால் 'காலையில் பார்க்கலாம் சார்' என்று சொல்லிக்கொண்டு நிற்கும் நிலை வராது.

சர்வர்_அறை

தம்பி சொல்வது நியாயம்தான். ஆனாலும் கன்சோலில் இருக்கும், சாதனத்தையே அழித்துவிடும் 'வைப்' பட்டனை நினைத்தால் எனக்குப் பயம். தவறான குழுவைத் தேர்ந்தெடுத்து ஒரு சொடுக்கு சொடுக்கினால் ஆலையே வெறும் டேப்லெட்களோடு நிற்கும்.

பாகலூர்_ரோடு

அந்தப் பயம் எனக்கும் உண்டு சார். அதனால்தான் உரிமையைப் பங்கிடச் சொல்கிறேன். இப்போது பல இடங்களில் ஒரே அட்மின் கணக்கின் பாஸ்வேர்டு நான்கு பேருக்குத் தெரியும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. பெயர்பெற்ற மென்பொருள்கள் எல்லாவற்றிலும் பணிக்கேற்ற உரிமையும் இடத்துக்கேற்ற வரம்பும் உண்டு. தேன்கனி தம்பிக்கான பங்கில் வைப் இருக்காது, பாலிசி திருத்தும் வசதி இருக்காது, பிற ஆலைகள் தெரியாது. அழிக்கும் கட்டளைக்கு இரண்டாவது அட்மினின் ஒப்புதல் தேவை என்று அமைக்க முடிந்தால் அதையும் அமையுங்கள். யார் எதைச் சொடுக்கினார் என்ற பதிவு தனிக் கணக்கு இருந்தால்தான் பொருள்படும்.

ஓசூர்க்காரன், புதிய மென்பொருளைப் பரிசீலிக்கும் நாள் வந்தால் விற்பனையாளரிடம் டேஷ்போர்டைக் காட்டச் சொல்லாதீர்கள். 'இந்த உதவியாளருக்கு இந்த நான்கு உரிமை மட்டும், இந்த ஆலை மட்டும். என் கண் முன்னால் அமைத்துக் காட்டுங்கள்' என்று கேளுங்கள். அடுத்து, ஒரு சாதனத்துக்கு ஒரு பாலிசி ஏன் போகவில்லை என்பதை எத்தனை திரைகளில் கண்டுபிடிக்க முடிகிறது என்று பாருங்கள். தினமும் உங்களை வாட்டப் போவது அந்தத் திரைகள்தான்.

அதியமான்கோட்டை

தருமபுரி மாவட்டத்தில் களப்பணியாளர்கள் கையில் இருக்கும் போன்களைப் பார்க்கிறேன். வத்தல்மலை, சித்தேரி, பென்னாகரம் தாண்டிய ஊர்கள். சிக்னல் சில இடங்களில் இருக்கும், பல இடங்களில் இருக்காது.

எங்கள் குழு கற்ற முதல் பாடம், காத்திருப்பது. இன்டியூன் போன்றவற்றில் சாதனம் சுமார் 8 மணி நேரத்துக்கு ஒருமுறைதான் தானாக வந்து கேட்கும். மலையில் இருக்கும் போன் அதற்கும் தாமதமாக வரும். பாலிசி வரவில்லை என்று அதே பாலிசியை இன்னொரு பெயரில் உருவாக்கி அனுப்பினால் மறுநாள் இரண்டும் போய்ச் சேர்ந்து ஒன்றையொன்று மறிக்கும். உங்கள் 'புதிய டெஸ்ட்' அப்படித்தான் பிறந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

சிவப்புப் பட்டியலுக்கும் இதில்தான் மருந்து. 'விதியை மீறியது', 'தொடர்பில் இல்லை' இரண்டும் வேறு வேறு. இன்டியூனில் 30 நாள் தகவல் தராத சாதனம் இயல்பாகவே இணங்காததாக மாறும். அந்த நாள் கணக்கை மாற்றிக்கொள்ளலாம். நாங்கள் காலையில் பார்ப்பது, நேற்றும் தொடர்பில் இருந்து, அப்படியும் விதியை மீறும் சாதனங்களை மட்டும். குறியாக்கம் இல்லாதது, பழைய பேட்ச், ரூட் செய்து பாதுகாப்பை உடைத்தது. அது சிறிய பட்டியல். தொடர்பில் இல்லாதவற்றை வாரத்துக்கு ஒருமுறை கிளை மேலாளருக்கு அனுப்புகிறோம். அந்த ஆள் விடுப்பில் இருக்கிறாரா என்பது அவருக்குத்தான் தெரியும்.

அப்டேட் இறங்கும் நேரத்தைப் பணியாளர்கள் கிளை அலுவலகத்துக்கு வந்து கணக்கு ஒப்படைக்கும் மாலைக்கு மாற்றினோம். அங்கே வைஃபை இருக்கிறது. மொபைல் டேட்டாவில் பெரிய அப்டேட் இறங்கக் கூடாது என்று தடுத்துவிட்டோம். லேப்டாப்கள் நிறைய இருக்கும் கிளையில் விண்டோஸின் டெலிவரி ஆப்டிமைசேஷனை ஒழுங்காக அமைத்தால் ஒரு கணினி இறக்கியதை மற்றவை உள்நெட்வொர்க்கிலேயே பெற்றுக்கொள்ளும். மெல்லிய இணைப்பு உள்ள ஊர்களுக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை.

சொந்த போனை வேலைக்குப் பயன்படுத்துகிறவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'கம்பெனி என் படங்களைப் பார்க்கும்' என்ற அச்சத்தில் பலர் ஆப்பை நீக்கிவிடுவார்கள். அதுவே ஒரு டிக்கெட் குவியல். ஆண்ட்ராய்டில் ஒர்க் புரொஃபைல் போட்டால் வேலைப் பகுதி மட்டும் நம் கட்டுப்பாட்டில். சொந்தப் படங்கள், சொந்தச் செய்திகள் நமக்குத் தெரியாது. வேலையை விட்டால் அந்தப் பகுதி மட்டும் அழியும். இதை ஒரு தாளில் தமிழில் எழுதி, என்ன தெரியும் என்ன தெரியாது என்று இரு பக்கமாகப் பிரித்து, கிளைகளில் ஒட்டினோம். 2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கும் காலத்தில் இது நல்லதும்கூட. இருப்பிடத் தடத்தை நிறுவன போனில்கூட வேலை நேரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் ஞாயிற்றுக்கிழமை எங்கே போனார் என்பது நமக்குத் தேவையில்லாத தகவல். தேவையில்லாத தகவலைக் காப்பதும் வேலைதான்.

மாங்கூழ்_ஐடி

அந்தத் தாளின் வாசகத்தை இங்கே பகிர முடியுமா அண்ணா? எங்கள் ஆலைக்கும் தேவைப்படுகிறது.

அதியமான்கோட்டை

நிறுவனப் பெயரை எடுத்துவிட்டு நாளை தனி இழையில் போடுகிறேன் அக்கா.

ஓசூர்க்காரன்

எல்லோருக்கும் நன்றி. சிவப்புப் பட்டியலை அதியமான்கோட்டை சொன்னபடி நேற்றே பிரித்தோம். காலையில் பார்க்க வேண்டியது ஒரே திரையில் அடங்குகிறது.

இப்போது பழைய பாலிசிகளின் மேல் கை வைக்க வேண்டும். லைன் நிற்காமல் எப்படிச் செய்வது?

பாகலூர்_ரோடு

நீக்குவதிலிருந்து தொடங்காதீர்கள். முதலில் எல்லாவற்றையும் ஏற்றுமதி செய்து பத்திரப்படுத்துங்கள். பிறகு பெயர் மாற்றம்: எந்த இயங்குதளம், எதற்காக, யார் பொறுப்பு, எந்த மாதம். பெயர் வைக்க முடியாத பாலிசி என்றால் அதன் நோக்கம் யாருக்கும் தெரியாது என்று பொருள். அதைத் தனியாகக் குறியுங்கள்.

அடுத்து எல்லாச் சாதனத்துக்கும் பொதுவான ஓர் அடிப்படை பாலிசியை எழுதுங்கள். பாஸ்கோடு, குறியாக்கம், அப்டேட். ஆலை டேப்லெட், அலுவலக லேப்டாப் போன்றவற்றுக்கு அதன் மேல் மெல்லிய கூடுதல் மட்டும். ஒரே அமைப்பை இரண்டு பாலிசிகள் தொடக் கூடாது என்பதைச் சட்டமாகவே வைத்துக்கொள்ளுங்கள். 'பாலிசி வரவில்லை' என்ற டிக்கெட்டுகளில் பெரும்பங்கு இந்த மோதலால் வருவது. விதிவிலக்குகளுக்குப் புதிதாகக் குழு உருவாக்காமல் ஃபில்டர் (சாதனத்தின் தன்மையைப் பார்த்து பாலிசியைச் சேர்க்கும் அல்லது விலக்கும் விதி) பயன்படுத்துங்கள். சாதனம் வந்து கேட்கும் நேரத்திலேயே அது கணக்கிடப்படுவதால் குழு புதுப்பிக்கக் காத்திருக்க வேண்டாம்.

அதன் பிறகு, குறித்து வைத்த பழைய பாலிசியை நீக்காமல் ஒதுக்கீட்டை மட்டும் எடுங்கள். முதலில் ஐ.டி. குழுவின் சாதனங்களில், பிறகு கிடங்கில், பிறகு ஓர் ஆலையில். மாதக் கணக்கு மூடும் வாரத்தில் தொடவே வேண்டாம். ஒரு மாதம் அமைதியாகப் போனால் நீக்கலாம். விண்டோஸில் ஒரு சங்கதி: சில அமைப்புகள் பாலிசியை எடுத்த பின்னும் சாதனத்தில் ஒட்டிக்கொண்டே இருக்கும். எடுத்தோம், ஒன்றும் ஆகவில்லை என்று நம்பிவிடாதீர்கள். புதிதாகச் சேர்த்த ஒரு லேப்டாப்பிலும் சோதியுங்கள். உண்மை அங்கேதான் தெரியும்.

சர்வர்_அறை

இந்த வரிசை அப்டேட்டுக்கும் வேண்டும். 2024 ஜூலை 19 ஞாபகம் இருக்கிறதா? பாதுகாப்பு மென்பொருள் நிறுவனமான க்ரவுட்ஸ்ட்ரைக் அனுப்பிய பழுதான ஒரு உள்ளடக்க அப்டேட்டால் மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் நின்றன. சரிசெய்ய ஒவ்வொன்றையும் சேஃப் மோடில் திறந்து ஒரு கோப்பை அழிக்க வேண்டியிருந்தது. பிட்லாக்கர் என்ற விண்டோஸ் குறியாக்கம் போட்ட கணினி என்றால் அதற்கு முன்பு ரெக்கவரி கீ வேண்டும். கீ எங்கே இருக்கிறது, அதைப் பார்க்கப் போகும் அட்மினின் லேப்டாப்பே நின்றுவிட்டால் என்ன வழி என்று அன்று பல இடங்களில் தவித்தார்கள்.

ஆகவே ஓசூர்க்காரன், இரண்டு விஷயத்தை இந்த வாரமே பாருங்கள். எல்லா லேப்டாப்பின் கீயும் கன்சோலில் ஏறியிருக்கிறதா? சிலவற்றில் குறியாக்கம் முடிந்திருக்கும், கீ மட்டும் ஏறியிருக்காது. அடுத்தது, அட்மின் லேப்டாப்கள் எல்லாம் படுத்தாலும் கன்சோலுக்குள் நுழைய ஒரு அவசரக் கணக்கு, அதைத் திறக்க வேறு வகைச் சாதனம் ஒன்று. உள்ளூர் அட்மின் பாஸ்வேர்டை ஒவ்வொரு கணினிக்கும் தனியாக வைத்து மாற்றும் விண்டோஸ் லேப்ஸ் 2023 ஏப்ரல் முதல் விண்டோஸோடு சேர்ந்தே வருகிறது. எல்லாக் கணினிக்கும் ஒரே பாஸ்வேர்டு வைக்கும் வழக்கம் இன்னும் இருந்தால் நிறுத்திவிடுங்கள்.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது என்பதையும் உங்கள் பட்டியலில் சரிபாருங்கள். ஆலையில் ஏதாவது ஒரு இயந்திரத்தோடு ஒட்டிக்கொண்டு ஒன்று இருக்கும்.

ஓசூர்க்காரன்

இருக்கிறது சார். அளவீட்டு இயந்திரத்தோடு வந்தவை. அவற்றைத் தனி நெட்வொர்க்கில் பிரித்துவிட்டோம்.

கீ சரிபார்ப்பு நடக்கிறது. நிர்வாகத்திடம் இன்று பேசினேன். மென்பொருள் மாற்றம் இப்போது இல்லை. உரிமம் புதுப்பிக்கும் காலம் வரை இருக்கிற கன்சோலிலேயே இதையெல்லாம் செய்து பார்க்க அனுமதி கொடுத்துவிட்டார்கள். கொள்முதல் ஆர்டரில் புரோ பதிப்பும் ஹாஷ் வரியும் சேர்ந்துவிட்டன. தளத்து உதவியாளர்களுக்குத் தேன்கனி கேட்ட நான்கு உரிமைகளைத் தரப்போகிறோம், முதலில் கிடங்கில்.

ஐபோன்களில் இன்னும் தொடவில்லை. அதில் மறக்கக் கூடாதது ஏதும் உண்டா?

பாகலூர்_ரோடு

ஒன்று உண்டு, தவறினால் எல்லாமே போகும். ஐபோன்களுக்குக் கட்டளை அனுப்ப எம்.டி.எம்.முக்கு வேண்டிய ஆப்பிள் புஷ் சர்ட்டிஃபிகேட் ஓராண்டுக்குத்தான் செல்லும். முதலில் எந்த ஆப்பிள் கணக்கில் எடுத்தீர்களோ அதே கணக்கில்தான் புதுப்பிக்க வேண்டும். வேறு கணக்கில் புதிதாக எடுத்தால் ஐபோன்கள் அனைத்தையும் மறுபடி சேர்க்க வேண்டிவரும். அந்தக் கணக்கு யாருடைய தனிப்பட்ட மின்னஞ்சலிலும் இருக்கக் கூடாது. கன்சோலில் அந்தப் பக்கத்தைத் திறந்தால் காலாவதி தேதி தெரியும்; எந்தக் கணக்கு என்பதையும் பல கன்சோல்கள் காட்டும். இப்போதே பாருங்கள்.

ஓசூர்க்காரன்

பார்த்துவிட்டேன். காலாவதிக்கு இன்னும் சில மாதங்கள் இருக்கின்றன. கணக்கு நிறுவனப் பொது மின்னஞ்சலில்தான் இருக்கிறது. ஆனால் ஓ.டி.பி. போகும் போன் எண், வேலையை விட்டுப் போன ஒருவருடையது. அவரோடு பேசிவிட்டேன், சனிக்கிழமை அலுவலகத்துக்கே வந்து மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அலுவலகத்துக்கென்று இருக்கும் சிம்மோடு இன்னொரு எண்ணையும் சேர்க்கிறோம். மூன்று பேர் நாட்காட்டியிலும் தேதியைப் போட்டாயிற்று.

தேன்கனி

அண்ணா, கிடங்கில் உரிமை கொடுத்த பிறகு எப்படிப் போகிறது என்று எழுதுங்கள். எங்கள் தலைமை அலுவலகத்துக்கு இந்த இழையை அனுப்பப்போகிறேன்.